பொதுக் காப்பகத்தில் எவர் பங்கு எவ்வளவு?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கும் உங்கள் முன் வைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரே ஒரு வரியாக மட்டும் இடம்பெற்றுள்ள பொதுச் சொத்து ஒன்றைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். அலுவலக அறையின் மூலையில், பீரோவின் மேல், பச்சை விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும் கருநிறப் பெட்டிதான் அந்தச் சொத்து. பேக்கப் என்று வழக்கில் சொல்கிறோமே, அந்தக் காப்பு நகல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி அது. அதனுள் தலா நான்கு டெராபைட் கொள்ளளவு உடைய இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் உள்ளன. ஒன்றில் எழுதப்படுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும். ஆகவே நமக்குப் பயன்படும் இடம் நான்கு டெராபைட், அதாவது நாலாயிரம் ஜிகாபைட் மட்டுமே.

ஜமாஅத் அலுவலகம், பைத்துல்மால், மக்தப் மதரஸா, மாலைநேரப் பயிற்சி வகுப்பு, இளைஞர் அணி ஆகிய ஐந்து பிரிவினரின் கணினிகளும் இரவு நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தம் கோப்புகளை இப்பெட்டியில் நகலெடுத்து வைக்கின்றன. உங்கள் சந்தாப் பணத்தில் வாங்கிய பெட்டி இது. எனவே இதில் உள்ள ஒவ்வொரு ஜிகாபைட்டும் உங்கள் அனைவருடைய அமானிதமாகும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நடந்ததை முதலில் கூறிவிடுகிறோம். பலருக்கு இது முழுமையாகத் தெரியாது.

இடி இடித்த ஓர் இரவில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறியதால் அலுவலகக் கணினி ஒன்று பழுதாகிவிட்டது. பைத்துல்மால் கோப்புகளும் அதில்தான் இருந்தன. "பெட்டி இருக்கிறதே, கவலை எதற்கு?" என்று நாம் ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறிக்கொண்டோம். புதிய ஹார்டு டிஸ்க் பொருத்தப்பட்டது. பெட்டியிலிருந்த கோப்புகள் மீட்டெடுக்கப்பட்டன. எல்லாம் முன்போல் ஆகிவிட்டது என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லி நிம்மதியடைந்தோம்.

உண்மை அப்படி இருக்கவில்லை. பெட்டியில் இருந்தது நான்கு மாதங்களுக்கு முந்தைய நகல். அந்த நான்கு மாதங்களாகவே பெட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் இரவும் நகலெடுக்கும் பணி தொடங்கும். இடமில்லை என்று நின்றுவிடும். அவ்வாறு நின்றது பற்றிய குறிப்பும் பெட்டியின் பதிவேட்டில் நாள் தவறாமல் எழுதப்பட்டே வந்தது. ஆனால் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. பச்சை விளக்கு மட்டும் வழக்கம்போல் மினுக்கிக் கொண்டிருந்தது.

பெட்டியை நிரப்பியது எது? இளைஞர் அணியினரின் நிகழ்ச்சிக் காணொளிகள் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஜிகாபைட். சிலருடைய கைப்பேசிகளின் முழு நகல்கள் ஐந்நூறு ஜிகாபைட். இவ்விடத்தில் நம்முடைய குற்றத்தை நாமே ஒப்புக்கொள்வதுதான் முறை. நமது ஜும்ஆ பயான்களின் ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும், ஒவ்வொன்றும் மூன்று வகை வடிவங்களில், அறுநூறு ஜிகாபைட் இடத்தைப் பிடித்திருந்தன. எவரும் தீய எண்ணத்துடன் செய்ததன்று. "இடம் இருக்கிறது, வைத்துக்கொள்வோம்" என்று ஒவ்வொருவரும் எண்ணினோம். அவ்வளவுதான்.

இழந்தவர் யார்? நிக்காஹ் பதிவேடு தாளிலும் இருந்ததால் மீண்டும் தட்டச்சு செய்துகொண்டோம். சந்தா வரவுகளை ரசீது அடிக்கட்டைகளைக் கொண்டு சரிசெய்தோம். பைத்துல்மாலின் மாதாந்தர உதவிப் பட்டியல்தான் எவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது. அந்த நான்கு மாதங்களில் கணவரை இழந்த மூன்று பெண்களின் பெயர்கள் அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன. மீட்டெடுத்த பழைய பட்டியலில் அப்பெயர்கள் இல்லை. அடுத்த மாதம் அரிசியும் உதவித்தொகையும் பழைய பட்டியலின்படியே வழங்கப்பட்டன. கொடுக்கச் சென்ற தொண்டர்கள் மீது குற்றமில்லை. அவர்கள் கையில் தரப்பட்ட தாளில் இருந்த வீடுகளுக்கு அவர்கள் சென்றார்கள்.

இரண்டாம் மாதமும் அவ்வாறே கடந்த பிறகு அம்மூவரில் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் வாயிலருகே வந்து நின்றார். அரிசி வரவில்லை என்று அவர் முறையிடவில்லை. "எங்கள் மேல் ஏதும் குறை கண்டு பெயரை எடுத்துவிட்டீர்களா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். நம்மால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. மற்ற இருவரும் கேட்க வரவே இல்லை. நாம்தான் அவர்களைத் தேடிச் சென்றோம். பழைய மனுக்களைத் தேடியெடுத்துப் பட்டியலைச் சரிசெய்து, விடுபட்டதை வழங்கி, மன்னிப்பும் கேட்டோம்.

அன்பர்களே! அந்த உதவிப் பட்டியல் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவு கூட இராது. பெட்டியை நிரப்பியவர்கள் நாம். பட்டினியின் ஓரத்தில் நின்றவர்கள் அவர்கள். பொதுக் காப்பகத்தில் மிகுதியாக எடுப்பவருக்கு இழப்பு நேர்வதில்லை. மிகக் குறைவாக எடுத்தவருக்கே நேர்கிறது. இன்று நாம் கூற வந்த செய்தியின் சாரம் இதுவே.

இவ்வாறு நேர்வதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, காப்பகத்தை எவரும் பார்ப்பதில்லை. நமது ஹவ்ளில் தண்ணீர் குறைந்தால் உளூச் செய்ய வருகின்ற அனைவருக்கும் அது தெரிந்துவிடும். முஅத்தின் அவர்கள் உடனே மோட்டாரைப் போடுவார். காப்பகமோ இடர் நேரும் நாளில் மட்டுமே திறந்து பார்க்கப்படுவது. அது காலியாக இருந்தாலும் நிரம்பி வழிந்தாலும் வெளித்தோற்றம் ஒன்றுதான்.

இரண்டாவது, அது தானாகவே வளரக்கூடியது. நல்ல காப்பகம் இன்றைய கோப்பை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. நேற்றையதையும் சென்ற வாரத்தையதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். தவறுதலாக அழித்த கோப்பை மீட்பதற்கு அதுவே வழி. ஆனால் பத்து ஜிகாபைட் உள்ள ஒரு கோப்புறையின் பெயரை நாம் மாற்றினால், எளிய மென்பொருள்கள் பல அதைப் புதியது என்றே கருதி மீண்டும் ஒரு பத்து ஜிகாபைட்டை எடுத்துக்கொள்ளும். பழையதும் அங்கேயே இருக்கும். ஒரே கோப்பு இரு கணினிகளில் இருந்தால் ஒரு முறை மட்டும் சேமிக்கும் திறன் வாய்ந்த மென்பொருள்களும் உள்ளன. ஆயினும் ஒரு காணொளியின் தொடக்கத்தைச் சற்றே வெட்டி வேறு வடிவில் மாற்றிவிட்டால், கணினியின் கண்ணுக்கு அது முற்றிலும் வேறொரு கோப்பு. எழுத்துக் கோப்புகளைச் சுருக்கி வைப்பது எளிது. காணொளிகளோ ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மேலும் சுருக்க இடமில்லை.

மூன்றாவது காரணத்தை நம் கண்மாய்ப் பாசனத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மடையின் அருகில் நிலம் உள்ளவர் வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொண்டால் கடைமடைக்காரரின் பயிர் கருகும். அதனால்தான் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளின் கண்மாய்களில் நீர்க்கட்டி என்றொருவரை ஊரார் நியமித்து, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். நமது பெட்டியிலும் இரவு பத்து மணிக்கு இளைஞர் அணியின் முறை. விடியற்காலை மூன்று மணிக்குப் பைத்துல்மாலின் முறை. முன்னவர் நிரப்பிய பிறகு பின்னவருக்கு இடமேது? பைத்துல்மால்தான் நமது கடைமடை. நமக்கு ஒரு நீர்க்கட்டி இல்லாமற் போனார்.

நம்மைப் போன்ற சிறு ஜமாஅத்துக்கு மட்டும் நேர்ந்த சோதனை அன்று இது. உலகின் மாபெரும் நிறுவனங்களும் இதே பாடத்தைக் கற்றுள்ளன.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது ஒன்டிரைவ் சேமிப்பகத்தைக் கட்டணம் செலுத்தும் ஆஃபீஸ் 365 சந்தாதாரர்களுக்கு வரம்பின்றி வழங்கி வந்தது. 2015 நவம்பரில் அச்சலுகையை நிறுத்துவதாக அறிவித்தது. சிலர் பல கணினிகளின் முழு நகல்களையும் திரைப்படத் தொகுப்புகளையும் அதில் குவித்திருந்தார்கள். ஒரே பயனாளர் 75 டெராபைட்டுக்கு மேல், அதாவது சராசரிப் பயனாளரைப் போல 14,000 மடங்கு எடுத்துக்கொண்ட நிகழ்வுகளும் உண்டு என்று அந்நிறுவனமே தெரிவித்தது. விளைவு என்ன? சந்தாதாரர்களுக்கு ஒரு டெராபைட் என வரம்பு விதிக்கப்பட்டது. அத்துடன், எக்குற்றமும் செய்யாத இலவசப் பயனாளர்களுக்கு இருந்த 15 ஜிகாபைட்டும் ஐந்தாகக் குறைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். மறுமாதமே நிறுவனம் வருத்தம் தெரிவித்து, விரும்பிக் கேட்கும் பழைய பயனாளர்கள் தங்கள் 15 ஜிகாபைட்டை வைத்துக்கொள்ளலாம் என்றது. சிலருடைய மிகுதிக்குப் பலரைத் தண்டிப்பது நியாயமாகாது என்பதற்கு இது சான்று.

டிராப்பாக்ஸ் நிறுவனமும் தனது வணிகத் திட்டம் ஒன்றில் தேவையான அளவு இடம் தருவதாகக் கூறியிருந்தது. 2023 ஆகஸ்டில் அதைக் கைவிட்டது. சிலர் அவ்விடத்தை மறைநாணயம் ஈட்டும் பணிக்கும், பிறருக்கு விற்பதற்கும் பயன்படுத்தியதை அது காரணமாகக் கூறியது. கூகுள் நிறுவனம் கல்வி நிலையங்களுக்கு வழங்கிவந்த வரம்பற்ற சேமிப்பை முடித்துக்கொள்வதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தது. நிறுவனம் ஒன்றுக்கு நூறு டெராபைட் பொது இருப்பு என்ற முறை, ஏற்கெனவே சேர்ந்திருந்த கல்வி நிலையங்களுக்கு 2022 ஜூலை முதல் என்று குறிக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் அப்போதுதான் ஆசிரியருக்கு எவ்வளவு, மாணவருக்கு எவ்வளவு, படித்து முடித்துச் சென்றவருக்கு எவ்வளவு என்று பங்கிடத் தொடங்கின.

இளைஞர் அணியைச் சேர்ந்த தம்பி ஒருவர் நம்மிடம், "ஹஜ்ரத், ஹார்டு டிஸ்க் விலை அதிகமில்லையே, பெரிதாக ஒன்று வாங்கிவிட்டால் இந்தச் சிக்கலே இராதே?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். உண்மையான தேவை வளரும்போது வாங்கத்தான் வேண்டும். ஆனால் அளவு விதிக்காமல் வாங்கினால் எட்டு டெராபைட்டும் நான்கைப் போலவே நிரம்பிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து மற்றொன்று உண்டு. காப்பகம் பெருக்கப் பெருக்க, அதற்கே இன்னொரு நகல் எடுத்து வேறிடத்தில் வைப்பது கடினமாகிக்கொண்டே போகும்.

தென்கொரிய அரசுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அந்நாட்டு அரசு ஊழியர்களுக்கு ஜி டிரைவ் என்ற பொதுச் சேமிப்பகம் இருந்தது. ஆளுக்கு 30 ஜிகாபைட் என்று வரம்பும் இருந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களிலிருந்து தீப்பற்றியது. ஜி டிரைவில் இருந்த 858 டெராபைட் தரவுகளும் அழிந்தன. கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியில் நகல் எடுத்து வைக்கப்படவில்லை என்று அதிகாரிகள் காரணம் கூறினார்கள். ஆளுக்குப் பங்கிட்டதோடு அவர்கள் நின்றுவிட்டார்கள். அனைவரின் பங்கும் சேர்ந்த மொத்தத்தை எவ்வாறு காப்பது என்ற கணக்கு விடுபட்டுப் போயிற்று. எனவே வரம்பு என்பது இடத்தை மிச்சப்படுத்துவதற்கு மட்டும் உரியதன்று. நம்மால் எவ்வளவைக் காக்க முடியுமோ அந்த அளவுக்குள் நம்மை நிறுத்திக்கொள்வதற்கும் உரியது.

இனி, நமது நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டு கடந்த ஆறு மாதங்களாக நடைமுறைப்படுத்தி வரும் ஒழுங்குகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, அளத்தல். எந்தப் பிரிவு எவ்வளவு இடம் எடுத்துள்ளது என்ற பட்டியல் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. பட்டியல் ஒட்டப்பட்ட முதல் மாதத்திலேயே, எவரும் சொல்லாமல், பலரும் தங்கள் கோப்புகளைக் குறைத்துக்கொண்டார்கள். இமாமின் பெயர் மூன்றாமிடத்தில் இருப்பதைக் கண்டு நாமும் வெட்கி, பயான்களை ஒரே வடிவில் மட்டும் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, இரு வரம்புகள். இது புதிய கண்டுபிடிப்பன்று. 1983ஆம் ஆண்டில் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் பதிப்பிலேயே இம்முறை இடம்பெற்றுவிட்டது; இன்றைய லினக்ஸ் கணினிகளிலும் தொடர்கிறது. முதலில் ஓர் எச்சரிக்கை வரம்பு. அதைத் தாண்டினால் அறிவிப்பு வரும். ஆனால் பணி நிற்காது. சரிசெய்துகொள்ள அவகாசம் உண்டு. வழக்கமாக அது ஏழு நாட்கள். அதற்கு மேலே இறுதி வரம்பு. அதைத் தாண்ட இயலாது. கடன்பட்டவருக்குத் தவணை கொடுப்பதைப் போன்ற கனிவு இதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் காப்பகத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. இறுதி வரம்பை எட்டியவரின் நகலெடுப்பு நின்றுபோகும். அதை அவர் அறியாவிட்டால் வரம்பே அவருக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே நகலெடுப்பு நின்றால் பெட்டியின் பதிவேட்டில் எழுதுவதோடு நில்லாமல், அப்பிரிவின் பொறுப்பாளருக்கும் செயலாளருக்கும் அன்றே கைப்பேசியில் செய்தி போகுமாறு செய்துள்ளோம்.

மூன்றாவது, பங்கீடு. சமம் என்பது வேறு. நியாயம் என்பது வேறு. நாலாயிரத்தை ஐந்தால் வகுத்து ஆளுக்கு எண்ணூறு என்று கொடுத்தால் அது சமம். பைத்துல்மாலுக்கு இரண்டு ஜிகாபைட்டே போதும், எண்ணூறு எதற்கு? மறுபடி எங்கும் பெற முடியாதது எது என்பதையே நாம் அளவுகோலாகக் கொண்டோம். உதவிப் பட்டியல், நிக்காஹ் பதிவுகள், வக்ஃப் ஆவணங்கள், மையவாடிப் பதிவேடு, மாணவர்களின் மதிப்பெண்கள் ஆகியவற்றுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அதில் வேறு எவரும் கைவைக்க இயலாது. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பகுதி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். எஞ்சியதைத் தேவைக்கேற்பப் பங்கிட்டோம். கூடுதல் தேவை உடையவர் காரணத்துடன் எழுதிக் கேட்கலாம். குழு அமர்ந்து முடிவு செய்யும்.

நான்காவது, எதை வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்ற தெளிவு. திரைப்படங்கள், மென்பொருள் நிறுவும் கோப்புகள், கைப்பேசியின் முழு நகல்கள் ஆகியவற்றுக்குப் பொதுக் காப்பகத்தில் இடமில்லை. நிகழ்ச்சிக் காணொளிகளில் தொகுத்து முடித்த வடிவம் மட்டும் இருக்கும். மற்றவை முப்பது நாட்களில் அவரவர் சொந்த டிஸ்க்கிற்குச் செல்லும். பழைய நகல்களில் ஏழு நாட்களுக்கு உரியவையும், நான்கு வாரங்களுக்கு வாரம் ஒன்றும், பன்னிரண்டு மாதங்களுக்கு மாதம் ஒன்றும் இருக்கும்.

ஐந்தாவது, கண்ணியம். பெட்டியை நிர்வகிப்பவர் கோப்புகளின் அளவைப் பார்க்கலாம்; உள்ளே இருப்பதைப் பார்க்கும் உரிமை அவருக்கில்லை. உதவி பெறுவோரின் பெயர்கள் பூட்டப்பட்ட வடிவிலேயே உள்ளன. எவருடைய கோப்பையும், அவருக்கு முன்னறிவிப்புச் செய்து முப்பது நாள் அவகாசம் கொடுக்காமல் அழிக்கக் கூடாது. அவகாசம் முடிந்தாலும் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

ஆறாவது, சோதித்தல். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பார்க்கிறோம். மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று நம்பியிருந்த பிழையை மீண்டும் செய்ய மாட்டோம். தனி இடம் ஒதுக்கப்பட்ட முக்கிய ஆவணங்களின் நகல் ஒன்று பள்ளிவாசலுக்கு வெளியே, பொருளாளர் அவர்களின் பொறுப்பில் வைக்கப்பட்டுள்ளது. அளவு சிறியதாக இருப்பதனால்தான் அது இயல்கிறது.

சகோதரர்களே! முன்னர்க் குறிப்பிட்ட தம்பியும் அவருடைய நண்பர்களும் இரண்டு வாரம் இரவு பகலாக அமர்ந்து, இரண்டாயிரத்து ஐந்நூறு ஜிகாபைட்டை எழுநூறாகக் குறைத்துத் தந்தார்கள். ஒரு நிகழ்ச்சியும் அழிந்துபோகவில்லை. ஒரே காட்சியின் ஐந்து பிரதிகள்தான் நீங்கின. இன்று நமது நீர்க்கட்டியும் அவர்தான். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக!

நகலெடுக்கும் வரிசையையும் மாற்றிவிட்டோம். இஷா தொழுகை முடிந்து கதவடைத்ததும் முதலில் நகலாவது பைத்துல்மாலின் உதவிப் பட்டியல். அதற்கு ஆகும் நேரம் சில நொடிகளே. அதன் பின்னர்தான் மற்றவர்களின் முறை. நமது பயான்கள் கடைசியில். அவை நின்றுபோனாலும் எவர் வீட்டு அடுப்பும் அணையப் போவதில்லை.

கூட்டம் முடிந்து செல்லும்போது அறிவிப்புப் பலகையிலுள்ள இம்மாதப் பட்டியலை ஒருமுறை பார்த்துச் செல்லுங்கள். உங்கள் பிரிவின் பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்து, "இது நமது தேவையா, அல்லது பிறருடைய இடமா?" என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பொதுப் பொருளில் நம் பங்கை அறிந்து, பிறர் பங்கைக் காக்கும் நல்லெண்ணத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.